மணியில் பொறித்த பெயர்

வியப்பூட்டும் செய்திகளைத் தேடித் திரட்டிப் பிறருக்குச் சொல்லி மகிழ்வது மனித இயல்பு. கண்டறியாத நாட்டின் மரமொன்று, கேட்டறியாத உயிரொன்று, எதிர்பாராத இடத்தில் கிடைத்த பழம்பொருள் ஒன்று எனப் புதுமை எதனை அறிந்தாலும், அறிந்தவன் அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டு இருப்பதில்லை. அடுத்தவனிடம் சொல்லியே தீருவான். முன்னாளில் இத்தகைய செய்திகள் கப்பல் துறைகளிலும் சந்தைத் திண்ணைகளிலும் வாய்மொழியாய் உலவின. பின்னர் ஏடுகளில் ஏறின. அச்சு வந்தபின் இதழ்களின் பெட்டிச் செய்திகளாயின. இன்றோ இணையத்தின் வழியே கைப்பேசிக்குள் புகுந்து நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து விடுகின்றன. காலைப் பசியாறுமுன் பத்து வியப்புகளைக் கண்டுவிடும் தலைமுறை இது.

இச்செய்திகளை எவரும் இலக்கியமாகக் கருதி ஆராய்வதில்லை. கவிதைக்குத் திறனாய்வு உண்டு, சிறுகதைக்கு உண்டு, மேடைப் பேச்சுக்குக்கூட மதிப்புரை எழுதுவோர் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகள் நாள்தோறும் மிகுதியாகப் படிக்கும் உரைநடை இந்தத் துணுக்குச் செய்திகளே என்பதை எண்ணுங்கால், இவற்றையும் திறனாய்வுத் தட்டில் இட்டு நிறுக்க வேண்டிய கடமை நமக்கு உண்டென்பது விளங்கும். பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஆதலின் நம் சமுதாயத்தோடு நேரடித் தொடர்புடைய செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு சொல்லப்படுகிறது, எவ்வாறு சொல்லப்பட வேண்டும் என்று ஈண்டு ஆராய்வோம்.

அஜாயிப் என்னும் மரபு

வியப்புச் செய்திகளைத் தொகுப்பது இழிந்த தொழிலன்று. அரபு மொழியில் 'அஜாயிப்' என்ற பெயரால் இதற்கெனத் தனி இலக்கிய வகையே செழித்திருந்தது. 1283 இல் மறைந்த ஸகரிய்யா அல்கஸ்வீனி இயற்றிய 'அஜாயிபுல் மக்லூகாத்' அவ்வகையில் தலைசிறந்தது. வானத்துக் கோள்கள் முதல் மண்ணில் ஊரும் புழு ஈறாகப் படைப்பின் விந்தைகளை அது வரிசைப்படுத்திக் கூறும். அந்நூலாசிரியர் எடுத்த எடுப்பிலேயே கதை சொல்லத் தொடங்கிவிடவில்லை. வியப்பு என்பது யாது என்று முதலில் விளக்குகிறார். ஒரு பொருளின் காரணத்தை அறிய இயலாதபோது மனிதனுக்கு ஏற்படும் திகைப்பே வியப்பு என்பது அவர் கருத்து. இதற்கு அவர் காட்டும் சான்று தேனடை. அதனை முதன்முதலாகக் காண்பவன், இதைச் செய்தவர் யார் என்று திகைக்கிறான். தேனீ செய்தது என்று அறிந்ததும் திகைப்பு நீங்கிவிடுவதில்லை. கோலும் கவையும் இல்லாத சிற்றுயிர் ஒன்று இத்துணைச் சமமான அறுகோணங்களை எவ்வாறு அமைத்தது என்று அது மேலும் பெருகுகிறது. உண்மையை அறிந்தபின் வளர்வதே மெய்யான வியப்பு என்னும் உரைகல்லை இதிலிருந்து நாம் பெறுகிறோம்.

புசுர்க் இப்னு ஷஹ்ரியார் என்னும் கப்பல் தலைவரின் பெயரால் வழங்கும் 'அஜாயிபுல் ஹிந்த்' பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. இந்துமாக்கடலில் ஓடிய மாலுமிகளின் கதைகள் அதில் திரட்டப்பெற்றுள்ளன. அவற்றுள் நம்பத் தகாதனவும் பல. ஆனால் கதை பலவற்றின் தொடக்கத்தில் இதனை எனக்குச் சொன்னவர் இன்னார் என்ற குறிப்பு இருக்கும். நபிமொழித் துறையில் வளர்ந்த ஸனத் என்னும் அறிவிப்பாளர் வரிசை முறையின் சாயல் இது. கடலோடியின் கதைக்கும் ஒரு பெயர் பொறுப்பேற்க வேண்டும் என்று அக்காலத்தார் கருதினர்.

இவர்கள் எல்லோரினும் கண்டிப்பானவர் அல்பிரூனி. இந்தியாவைப் பற்றி ஏறத்தாழ 1030 இல் அவர் எழுதிய பெருநூலின் முகப்பிலேயே, கேட்டறிதல் கண்டறிதலுக்கு ஈடாகாது என்ற கருத்தை நிறுவுகிறார். அடுத்து, பொய்ச் செய்தி தருவோரை வகைப்படுத்துகிறார். தன் நலத்திற்காகப் பொய்யுரைப்போன் ஒருவன். தான் விரும்பும் இனத்தை உயர்த்தவோ வெறுக்கும் இனத்தைத் தாழ்த்தவோ பொய்யுரைப்போன் ஒருவன். முன்னோன் சொன்னதை ஆராயாமல் அப்படியே அடுத்தவனுக்குக் கடத்துவோன் ஒருவன். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தப் பட்டியல் இன்றைய கைப்பேசிச் செய்திகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி

இனி நாம் எடுத்துக்கொண்ட செய்திக்கு வருவோம்.

வில்லியம் கொலென்சோ என்பவர் ஆங்கிலேயர். கிறித்தவ ஊழியச் சங்கத்தின் அச்சுத் தொழிலாளராக 1834 இன் இறுதியில் நியூசிலாந்துக்குச் சென்றவர். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837 இல் அச்சிட்டு முடித்தவரும் அவரே. செடி கொடிகளை ஆராய்வதிலும் மக்கள் வழக்கங்களைக் குறித்துவைப்பதிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. 1836ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டின் வடபகுதியில் ஃபாங்காரெய் அருகே, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலக் கலத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதை அவர் கண்டார். உற்று நோக்கியபோது அது கலமன்று, உடைந்த மணியொன்றின் பகுதி என்று தெரிந்தது. அதனைச் சுற்றி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. பெரும் புயலில் சாய்ந்த மரமொன்றின் வேர்களுக்கிடையே நெடுநாட்களுக்கு முன் அது கிடைத்ததாக அம்மக்கள் சொன்னார்களாம். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அவர் அதனைப் பெற்றுக்கொண்டார்.

அவ்வெழுத்துகள் எம்மொழியின என்று கொலென்சோவுக்குத் தெரியவில்லை. பின்னர்த் தமிழறிந்தார் பார்வைக்கு அவை சென்றபோதுதான் புதிர் விடுபட்டது. 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று அது படிக்கப்பட்டது. கொலென்சோ 1899 இல் மறைந்தார். அவர் விருப்புரிமைப்படி அம்மணி அந்நாட்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அந்த அருங்காட்சியகத்தின் இன்றைய வடிவமே வெலிங்டன் நகரில் உள்ள தெ பாப்பா.

இதில் எத்தனை உலகங்கள் ஒன்றுகூடி நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்க் கரையின் வெண்கலம்; அரபும் பாரசீகமும் கலந்த பெயர்; மாவோரிப் பெண்ணின் அடுப்பு; அவள் வேகவைத்த உருளைக்கிழங்கோ தென்னமெரிக்காவில் தோன்றி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் வழியே அத்தீவுகளுக்கு வந்தது; அதனைக் கண்டவர் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பிறந்த அச்சுத் தொழிலாளர். வியப்பு வேண்டுவோர்க்கு இது போதாதா?

இணையத்தில் இம்மணி பட்ட பாடு

போதவில்லை என்று தோன்றுகிறது. இணையத்தில் இச்செய்தி பல வடிவங்களில் உலவுகிறது. அவற்றுள் பெருவழக்காயிருப்பது, நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழனே என்று முழங்கும் வடிவம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மன்னர்களின் மரக்கலங்கள் அங்குச் சென்றன, ஐரோப்பியர் இதனை மறைத்துவிட்டனர், இதனைப் பகிராதவன் தமிழனல்லன் என்று அது முடியும். சில வடிவங்களில் சோழர் கடற்படையும் வந்து சேர்ந்துகொள்ளும். அழகான புலிக்கொடிப் படமும் இருக்கும். ஆனால் மணியில் உள்ள ஆறே சொற்கள் அச்செய்தியில் பெரும்பாலும் இருப்பதில்லை. 'தமிழ் எழுத்துப் பொறித்த மணி' என்பதோடு நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது? அச்சொற்களைச் சொன்னால் கதை நில்லாது. ஆதலின் அச்சொற்களையே நாம் சற்று நிதானமாகப் படிப்போம். ஒரு நூலைத் திறனாய்வதற்கு அந்நூலின் சொற்களினும் மேலான சான்றில்லை. இம்மணிக்கும் அதுவே விதி.

'முகைய்யதீன்' என்பது முஹ்யித்தீன் என்னும் அரபுப் பெயர் தமிழ் நாவில் பெற்ற உருவம். முகைதீன், மொய்தீன், மைதீன், முகையதீன் என்று நம் வீடுகளில் இன்றும் வழங்கும் பெயர்களோடு இதனையும் சேர்த்து வைக்கலாம். 'வக்குசு' என்பது பக்ஷ் என்னும் பாரசீகச் சொல். கொடை என்பது அதன் பொருள். காதர் பக்ஸ், பீர் பக்ஸ் என்ற பெயர்களை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆகவே முழுப்பெயரின் பொருள் 'முஹ்யித்தீன் அளித்த கொடை' என்பதாகும். இவ்வாறு பெயரிடும் வழக்கம், பக்தாது நகரில் அடங்கியுள்ள முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகை அவர்கள்மீது கொண்ட பற்றினால் எழுந்தது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கடலில் காற்றும் மழையும் மிகும்போது அப்பெருமானின் பெயரைச் சொல்லி அழைப்பது தமிழ் முஸ்லிம் மாலுமிகளின் வழக்கம்.

அவர்கள் மறைந்த ஆண்டு 1166. முதலாம் இராசராசன் மறைந்தது 1014 இல். இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு நிகழ்ந்தது 1025 இல். ஆண்டகையின் புகழ் பரவி, பக்தாதிலிருந்து தமிழ்க் கரைக்கு வந்து, பிள்ளைகளுக்கு இடும் பெயராய் நிலைபெற்ற பின்னரே இம்மணி வார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அக்கடற்படையின் மணியாக இஃது இருத்தல் இயலாது. புதைபொருள் ஆய்வோ வேதியியல் சோதனையோ இதனைச் சொல்ல வேண்டியதில்லை. மணியில் உள்ள பெயரே சொல்லிவிடுகிறது. படித்துப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

மணியின் எழுத்துகளுள் சில இன்று வழக்கிழந்த வடிவின என்பது உண்மை. அதுகொண்டு மணிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வயது இருக்கலாம் என்று கூறியோர் உண்டு. அதனை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஆயிரத்தில் பாதியே ஆயிற்று. மேலும், எழுத்தின் வடிவை மட்டும் கொண்டு காலத்தை வரையறுப்பதில் பிழை நேர்வது எளிது. புள்ளியிடாமல் எழுதுவது முதலிய பழைய முறைகள் ஏட்டுச்சுவடி எழுதியோரிடம் அண்மை நூற்றாண்டுகள் வரையிலும் நீடித்தன. கொல்லரும் கன்னாரும் தம் தந்தையிடம் கற்ற எழுத்தையே பொறிப்பர். நாட்டில் எழுத்து மாறியதை அவர்கள் நெடுநாள் கழித்தே அறிவர். சாய்ந்த மரத்தின் கதையும் மணி பழையது என்பதற்குக் குறிப்பாகலாம், அது சான்றாகாது. அந்த மரத்தின் வயதை எவரும் அளந்ததில்லை.

கண்டுபிடிப்பு என்ற சொல்லையும் சிறிது நோக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி, பசிபிக் தீவுகளிலிருந்து தோணிகளில் வந்து அந்நிலத்தில் குடியேறியவர்கள் மாவோரி மக்களின் முன்னோர். அதற்குமுன் அங்கு மனிதர் குடியிருப்பே இல்லை என்பது ஆய்வாளர் முடிவு. எனவே அத்தீவுகளை முதலில் கண்டவர்கள் அவர்கள்தாம். பிறர் நாட்டைத் தாம் கண்டதாகச் சொல்லிக்கொண்ட ஐரோப்பியரை நாம் குறைகூறுகிறோம். அதே சொல்லை நாம் எடுத்துப் பூண்டுகொள்வது எங்ஙனம் நீதியாகும்? இணையச் செய்தியில் அந்த மாவோரிப் பெண்களுக்கு இடமே இல்லை. மணியைக் காத்து வைத்தவர்கள் அவர்கள். கதையில் இருந்து விலக்கப்பட்டவர்களும் அவர்களே.

இப்போது அல்பிரூனியின் பட்டியலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். தன் இனத்தை உயர்த்த விழைந்து கூட்டிச் சொல்வோன் இங்கு இருக்கிறான். கேட்டதை ஆராயாமல் கடத்துவோர் இலட்சக் கணக்கில் இருக்கிறார்கள். ராவியின் பெயரோ எங்கும் இல்லை. யார் கண்டது, எந்த ஆண்டு, இப்போது பொருள் எங்கே என்ற மூன்றும் இல்லாத செய்தியை, புசுர்க் காலத்து மாலுமிகூட அரைமனத்தோடுதான் கேட்டிருப்பான்.

மணி எவ்வழியே சென்றது?

இவ்வளவும் மறுப்பாகவே அமைந்தது. ஆக்கமாகச் சொல்ல என்ன உண்டு என்று வாசகர் கேட்கலாம். உண்டு.

சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் பிற முஸ்லிம் வணிகர்களும் சொந்தக் கப்பல்கள் வைத்து அச்சை, கெடா, மலாக்கா, பினாங்கு வரை வாணிகம் செய்தது வரலாற்றில் ஐயமறப் பதிந்த செய்தி. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளின் வாழ்வே அதுவாயிருந்தது. பினாங்கில் 1801 இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவியவர் பெயர் காதிர் முகைதீன். முகைதீன் என்ற பெயர் கடல்கடந்த துறைகளில் எவ்வளவு பழகிய பெயர் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. அவரே மணிக்கு உரியவர் என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படி முடிவுகட்டுவதைத்தான் இக்கட்டுரை கண்டிக்கிறது.

நம் கரையிலிருந்து நியூசிலாந்துக்குச் சென்ற கப்பல் ஒன்று ஐயமின்றி உண்டு. சென் ஜான் பாப்திஸ்த் என்னும் பிரெஞ்சுக் கப்பல், சுர்வில் என்பவரின் தலைமையில் 1769 ஜூன் மாதம் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வடகோடியில் உள்ள டவுட்லெஸ் விரிகுடாவை அடைந்தது. கப்பித்தான் குக்கின் கப்பலும் அதே நாட்களில் அக்கடலில்தான் இருந்தது. ஒன்றையொன்று காணாமலே இரண்டும் கடந்து சென்றன. சுர்விலின் கப்பலில் இந்தியக் கலாசிகளும் இருந்தனர். வழியிலேயே பலர் உயிர்ச்சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு இரையாயினர். புயலில் அக்கப்பல் இழந்த நங்கூரங்கள் 1974 இல் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றும் இன்று தெ பாப்பாவில் இருக்கிறது. தமிழ் மணியும் புதுச்சேரியிலிருந்து சென்ற கப்பலின் நங்கூரமும் ஒரே கூரையின்கீழ்!

1796 இன் இறுதியில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட சிட்னி கோவ் என்னும் கப்பல், கலாசிகளோடு 1797 இல் தாசுமேனியாவை ஒட்டிய தீவொன்றில் கரைதட்டியது. இவ்வாறு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியத் துறைகளுக்கும் தென்கடலுக்கும் போக்குவரத்து உருவாகிவிட்டது. பழைய கப்பல் உடைக்கப்படும்போது அதன் மணி விலைபோகும். கைப்பற்றிய கப்பலின் மணியைக் கைப்பற்றியவன் எடுத்துக்கொள்வான். ஆளற்ற மரக்கலம் காற்றோடு மிதந்து நெடுந்தொலைவு செல்லவும் கூடும். மணி ஒன்று மட்டும் அங்குச் சென்றது கொண்டு, மணிக்குரியவரும் அங்குச் சென்றார் என்று கொள்ள இயலாது. இவ்வழிகளுள் எது நிகழ்ந்தது என்பது இன்றளவும் முடிவுகாணாத வினா. முடிவுகாணாத வினாவை முடிவுகாணாததாகவே சொல்லும் நேர்மை ஒரு செய்தியின் அழகைக் குறைப்பதில்லை. கஸ்வீனியின் தேனடையைப் போல, அறிய அறிய இது வளர்கிறது.

இருபுறத்துப் பற்றும் ஒன்றே

மணியில் தெளிவாய்ப் பொறிக்கப்பட்ட பெயரைப் பெருமை பேசுவோர் ஏன் விழுங்கிவிடுகிறார்கள் என்ற வினாவில் நமக்குச் சிறிது வருத்தம் இருப்பது இயல்பே. தமிழனின் கடற்பெருமையைப் பேச ஒரு முஸ்லிமின் மணி வேண்டும். முஸ்லிமின் பெயர் வேண்டாம் என்றால் அது நியாயமன்று. வேண்டுமென்றே மறைப்போர் சிலராகவே இருக்கலாம். பெரும்பாலோர் அப்பெயரை அறியாமலே கடத்துகின்றனர். ஆயினும் விளைவு ஒன்றுதான். வருங்காலத் தமிழ்ப் பிள்ளை அம்மணியை அறிவான். அதற்கு உரியவரை அறியான்.

இதற்கு மாற்றாக நம்மவர் சிலர், நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம்களே என்று இன்னொரு செய்தியைக் கட்டிவிட்டால் அது பிழைக்குப் பிழையாகும். முன்னது பெயரை மறைத்தது. பின்னது மொழியை மறைக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தே நிறுக்க வேண்டும். அல்பிரூனி சொன்ன இனப்பற்று நம்மிடம் வந்தால் மட்டும் நற்குணமாகிவிடாது.

மணி சொல்வதை மணியின் சொல்லிலேயே கேட்போம். அரபுப் பெயரும் பாரசீகச் சொல்லும் கலந்த பெயரை உடைய கப்பலுக்குரியவர் ஒருவர், தம் உடைமையைக் குறிக்க நேர்ந்தபோது தமிழில் எழுதினார். மன்னனுக்குக் காட்டவோ புலவர் பாராட்டவோ அவர் எழுதவில்லை. இது யாருடைய பொருள் என்று தம் ஆட்களும் துறைமுகத்தாரும் அறிவதற்காக எழுதினார். அன்றாட வாழ்வின் மொழி எதுவோ அதில்தான் அப்படி எழுதுவர். தமிழ் முஸ்லிமின் வீட்டுமொழியும் தொழில்மொழியும் தமிழே என்பதற்கு மேடையேறி வாதாடுவோர்க்கு இதனினும் சிறந்த சான்று ஏது? அவர் எவரோடும் வாதாடவில்லை. தம் மணியில் தம் பெயரைத் தம் மொழியில் வெட்டினார், அவ்வளவே. 'முகைய்யதீன்' என்பதிலிருந்து 'மணி' என்பதைப் பிரித்தால் இரண்டும் ஊமையாகிவிடும்.

பகிர்வோர்க்கு ஒரு சொல்

இணையத்தையே பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அஃது இல்லையேல் வெலிங்டன் அருங்காட்சியகத்து மணியை நம்மூர்ப் பெண்பிள்ளை தன் அறையிலிருந்து காண முடியுமா? 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகத்தார் அனைவர்க்கும் விலையின்றித் தந்தது. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் ஈழத்து முயற்சி, அழிந்துபோகவிருந்த எத்தனையோ இதழ்களையும் நூல்களையும் காத்து வைத்துள்ளது. இவற்றில் நுழைந்து புதையல் எடுத்துவந்து பிறர்க்குக் காட்டுவோர் நன்றிக்குரியவர்கள். அவர்களுள் நல்லவர்கள், எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களைப் பின்பற்றி அவ்விடத்திற்கே நாமும் சென்று பார்க்கலாம். அதுவே நற்பகிர்வின் இலக்கணம்.

ஒரு சிறு மகிழ்ச்சிக்கு இத்தனைக் கட்டுப்பாடா என்று சிலர் நினைக்கலாம். கட்டுப்பாடு மூன்றே மூன்றுதான். இதனை முதலில் சொன்னவர் யார்? பொருள் இப்போது எங்கே இருக்கிறது? இச்செய்தியில் யாருடைய பெயர் விடுபட்டுள்ளது? முதலிரண்டும் நம் முன்னோர் எக்காலத்தும் கேட்டுவந்தவை. மூன்றாவதை இந்த மணி நமக்குக் கற்றுத் தருகிறது. மூன்றுக்கும் விடை தேட ஒரு தேநீர் ஆறும் நேரம் போதும். விடை கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்ற சொல்லையும் சேர்த்தே அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இதனைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வது நன்று. இம்மணியின் படத்தை அவர்களிடம் காட்டி எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் தடுமாறுவார்கள். 'கப்பல்' என்ற சொல்லையோ 'மணி' என்ற சொல்லையோ ஒருவாறு கண்டுபிடிப்பார்கள். பின்னர் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். நம் தெருவில் முகைதீன் என்று ஒருவராவது இருப்பார். அவர் பெயரே உலகின் மறுகோடியில் வெண்கலத்தில் இருக்கிறது என்று தெரியும்போது அப்பிள்ளைக்கு ஏற்படும் வியப்பைப் புலிக்கொடிப் படம் தரமுடியாது. அந்த வியப்பினின்று, யார் இவர், எப்போது வாழ்ந்தார், மணி எப்படி அங்கே போயிற்று என்ற வினாக்கள் பிறக்கும். வரலாற்று மாணவன் உருவாவது அவ்விடத்தில்தான்.

கப்பல் மூழ்கியதோ, உடைபட்டதோ, விலைபோனதோ அறியோம். அதன் சொந்தக்காரர் எந்த ஊரினர் என்பதும் தெரியவில்லை. அவர் நமக்காக விட்டுச் சென்றவை ஆறு சொற்கள். அவற்றை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் அடுத்தவர்க்குச் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் நன்றி.